சங்கத்தில் நமக்கொரு வாக்கு
(கூட்டுறவுச் சட்ட வரலாற்றில் உறுப்பினர் உரிமையும் அரசின் கையும்)

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், சங்கம் என்னும் சொல்லின் பொருளைப் பற்றிச் சிறிது சிந்திப்பது பொருத்தமுடையதாகும். பலர் ஓரிடத்தில் கூடினால் அது கூட்டம். கூடியவர்களுக்கு ஒரு விதியும், ஒரு பதிவேடும், ஆளுக்கொரு வாக்கும் அமைந்தால் அது சங்கமாகிறது. அந்த வாக்கு எவ்வாறு வருகிறது, எவ்வாறு கைநழுவிப் போகிறது என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியார். இதனை அறிவதற்குக் கூட்டுறவுச் சங்கங்களின் சட்ட வரலாற்றைப் போன்ற நல்லதொரு பாடநூல் வேறில்லை. அவ்வரலாற்றினுள் புகுமுன், எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூற அன்பர்கள் இசைவளிக்க வேண்டுகிறோம்.

ஒரு ரசீதின் கதை

எம் தந்தையார் விவசாயக் கூலி, எழுத்தறியாதவர். 1980களின் இறுதியில் எம் தமக்கையாரின் திருமணச் செலவுக்காக, அன்னையாரின் கம்மலை ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஈடு வைத்துக் கடன் பெற்றார். அப்போது அவரிடம் சிறு கட்டணம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, எண் இட்ட ரசீது ஒன்றைக் கொடுத்தனர். அந்த ரசீதை அவர் தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்துப் போற்றினார். தாமும் சங்கத்தில் ஓர் உறுப்பினர் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அத்துணைப் பெருமிதம். கெடு தவறாமல் கடனை அடைத்துக் கம்மலையும் மீட்டார்.

1996இல் சங்கத் தேர்தல் வந்தது. வெளுத்த வேட்டி உடுத்தி வாக்களிக்கச் சென்றவர், பட்டியலில் பெயர் இல்லையென்று திரும்பி வந்தார். யாம் அப்போது ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்தோம். செய்தி கேட்டுக் கொதித்து, ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்திற்கு ஓடினோம். அங்கிருந்தவர் கோபப்படவில்லை. ரசீதின் மூலையில் இருந்த ரப்பர் முத்திரையைச் சுட்டிக் காட்டினார். 'இணை உறுப்பினர்' என்றிருந்தது. பின்னர்த் துணைவிதிப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். இணை உறுப்பினருக்குக் கடன் உண்டு, வாக்கு இல்லை. அவர் சொன்னது சட்டப்படி சரியே. பட்டம் பெற்ற மகன் ஒருவன் வீட்டில் இருந்தும், அத்தனை ஆண்டுகளாக அந்த முத்திரையை யாம் ஒருமுறையேனும் படித்துப் பார்க்கவில்லை என்பதே எமக்கு வலித்தது.

திரும்பும் வழியில் தந்தையார் ஒன்றே கேட்டார்: "கடன்காரனா இருக்கலாம், மெம்பரா இருக்கக் கூடாதா தம்பி?"

மறு வாரமே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பங்குத் தொகை செலுத்தி அவர் முழு உறுப்பினரானார். அடுத்த தேர்தலை எதிர்நோக்கியிருந்தார். ஆனால் 2001இல் நிர்வாகக் குழுக்கள் நீக்கப்பட்டு, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2006இல் தந்தையார் மறைந்தார். சங்கத்தில் ஒருமுறையேனும் அவர் வாக்களித்ததில்லை. முதன்முறை துணைவிதி தடுத்தது. அடுத்த முறை அரசின் கை தடுத்தது. இவ்விரு தடைகளும் எங்கிருந்து வந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வாக்கு பிறந்த வரலாறு

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக இருபத்தெண்மர் கூடி, 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். எவ்வளவு பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான் என்பது அவர்கள் கண்ட நெறி. அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் அத்தகைய ஏழைத் தொழிலாளருக்கு அன்று வாக்குரிமை இல்லை. நகரத் தொழிலாளர் பலருக்கு அது 1867இல்தான் கிடைத்தது. பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான வாக்கு 1928இல்தான் கிடைத்தது. நாடு தர மறுத்த வாக்கை ஏழைகள் தங்கள் சங்கத்தில் தாமே அமைத்துக்கொண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

சென்னை மாகாணத்தில் இக்கருத்தை ஆராய்ந்தவர் பிரடெரிக் நிக்கல்சன். ஐரோப்பிய நாடுகளின் கிராம வங்கிகளைப் பற்றிய அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கிராமக் கடன் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின. 'ஐக்கிய நாணய சங்கம்' என்று நம் முன்னோர் வழங்கியது இவ்வகைக் கடன் சங்கங்களையே.

1904ஆம் ஆண்டுச் சட்டத்தை விரிவாக்கி 1912இல் புதிய சட்டம் வந்தது. அதன் மூன்று விதிகள் நம் கவனத்திற்குரியவை.

முதலாவது: பதினெட்டு வயது கடந்த பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். உறுப்பினரின் பொறுப்பு பங்குத் தொகையளவில் வரையறுக்கப்படாத சங்கங்களில், முதலீடு எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு.

இரண்டாவது: விதிப்படி செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் எவரும் உறுப்பினருக்குரிய உரிமைகளைச் செலுத்த இயலாது. உறுப்பினராக இருப்பது வேறு, உரிமையுடைய உறுப்பினராக இருப்பது வேறு என்னும் பிரிவினைக்கு வித்து இங்கேயே இருக்கிறது. எம் தந்தையாரின் ரசீதில் கண்ட ரப்பர் முத்திரை அவ்வித்தில் முளைத்த ஒரு கிளை.

மூன்றாவது: கடன் சங்கத்தின் உறுப்பினர்கள் ஒரே ஊரினராகவோ, அல்லது பதிவாளர் தடை செய்யாதவிடத்து ஒரே குலம், வகுப்பு, சாதி அல்லது தொழிலைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். சாதி என்னும் சொல் கூட்டுறவுச் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. இதன் இருமுனைக் கூர்மையைப் பின்னர்க் காண்போம்.

நம்மவரும் நாணய சங்கமும்

1920இல் சென்னைச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடந்தபோது, வாக்கு சொத்துடையோர்க்கும் வரி செலுத்துவோர்க்குமே உரியதாயிருந்தது. நம் மக்களிடம் நிலமும் இல்லை, வரிச் சீட்டும் இல்லை. எனவே எம். சி. ராஜா போன்ற நம் தலைவர்கள் நியமன உறுப்பினராகவே அம்மன்றத்தில் அமர நேர்ந்தது. நியமனம் என்பது பிறர் தரும் இருக்கை. தந்தவர் மனம் மாறினால் அது போய்விடும். இதனை உணர்ந்தே அண்ணல் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன் தோன்றி, தாழ்த்தப்பட்டோர்க்கு வாக்குரிமையும் அவர்களே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதித்துவமும் வேண்டுமென்று வாதிட்டார். 1928இல் சைமன் குழுவின் முன் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்கு வேண்டுமென்று கோரினார்.

அதே காலத்தில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை, ஆதிதிராவிடர்க்கு வீட்டுமனை பெற்றுத் தரும் பணியில் கூட்டுறவுச் சங்கங்களைப் பயன்படுத்தியது. மனைக்குரிய நிலத்தின் விலை கடனாக வழங்கப்பட்டு, சங்கத்தின் வழியே தவணைகளில் திரும்பப் பெறப்பட்டது. மிராசுதாரரின் மனையில் குடிசை போட்டு, அவர் வெளியேறு என்றால் வெளியேற வேண்டியிருந்த குடும்பங்களுக்கு, தம் பெயரில் ஒரு மனை என்பது எத்தகைய விடுதலை என்பதைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை. சட்டமன்றத்திற்கு வாக்களிக்க இயலாத கூலித் தொழிலாளி, பத்துப் பேர் கூடிய தன் சங்கத்தின் பேரவையில் கை உயர்த்தி வாக்களித்தார். ராச்டேல் நெசவாளர் பெற்ற அதே பேறு இது.

இங்கு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அச்சங்கங்களை அமைத்தவரும், கடன் தந்தவரும், கணக்குப் பார்த்தவரும் அரசு அலுவலரே. ஊரில் வலியவர் எதிர்ப்புக்கு நடுவே நம்மவர்க்குத் துணை நின்றதும் அந்த அரசின் கையே. ஆகவே அரசின் கட்டுப்பாடு என்றவுடன் அதனை முழுத் தீமையென்று தள்ளிவிட நம்மால் இயலாது.

அரசின் கை நீண்டது எவ்வாறு?

தொடக்கச் சட்டங்களிலேயே பதிவு செய்தல், தணிக்கை, விசாரணை, கலைத்தல் ஆகிய அதிகாரங்கள் பதிவாளரிடம் இருந்தன. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின் கூட்டுறவு மாகாணங்களின் பொறுப்பாயிற்று. சென்னை மாகாணம் 1932இல் தனக்கெனச் சட்டம் இயற்றியது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பும் கூட்டுறவுச் சங்கங்களை மாநிலப் பட்டியலின் 32ஆவது இனமாகவே வைத்தது.

பெரிய திருப்பம் 1954இல் வந்தது. கோர்வாலா தலைமையிலான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1951–52இல் உழவர் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கே. பெரும்பகுதியைத் தந்தவர் வட்டிக்கடைக்காரரும் வணிகரும் என்று அக்குழு கண்டது. சங்கங்கள் வலுப்பெற அரசே பங்குதாரராகச் சேர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நோக்கம் நல்லதே. ஆயினும் பணம் போட்டவர் கணக்குக் கேட்பார். பின்னர் நாற்காலியும் கேட்பார். பங்கு முதலோடு அரசின் நியமன உறுப்பினரும் நிர்வாகக் குழுவினுள் வந்தனர்.

தமிழ்நாட்டில் 1961ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப்பின் 1983இல் இயற்றப்பட்டு 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமும் இவ்வதிகாரங்களை விரிவாக வகுத்தன. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81ஆம் பிரிவு விசாரணைக்கும், 87ஆம் பிரிவு இழப்பை ஈடு செய்விக்கும் தண்டத் தீர்வைக்கும், 88ஆம் பிரிவு நிர்வாகக் குழுவைக் கலைப்பதற்கும், 90ஆம் பிரிவு தகராறுகளைத் தீர்ப்பதற்கும் உரியவை. குழுவைக் கலைத்தால் தனி அலுவலர் அமர்வார். குறித்த காலத்திற்கு என்று வருபவர், நீட்டிப்பின்மேல் நீட்டிப்பாய்த் தொடர்வதும் உண்டு. 1976இல் இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. நெடுங்காலத்திற்குப் பின் 1996இல் தேர்தல் நடந்தது. 2001இல் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். 2013இலும் 2018இலும் தேர்தல்கள் நடந்தன. 2018ஆம் ஆண்டுத் தேர்தல் உயர்நீதிமன்றத்தில் பல வழக்குகளைச் சந்தித்தது. எந்தக் கட்சி ஆண்டது என்பது இங்குப் பொருட்டன்று. வாக்காளர் பட்டியல் பூட்டிய அலமாரியில் கிடந்த ஆண்டுகள் எத்தனை என்பதே கேள்வி.

நீதிமன்றங்கள் கூறியவை

சங்கம் உறுப்பினருடையதா, சட்டத்தினுடையதா என்னும் கேள்வி மீண்டும் மீண்டும் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. நான்கு வழக்குகளை மட்டும் இங்குக் குறிக்கிறோம்.

1985இல் முடிவான தமன் சிங் வழக்கு பஞ்சாப் மாநிலத்தைச் சேர்ந்தது. சங்கங்களைக் கட்டாயமாக ஒன்றிணைக்கும் அதிகாரத்தை எதிர்த்து உறுப்பினர்கள் வழக்காடினர். ஐந்து நீதிபதிகள் அமர்வு அவ்வதிகாரம் செல்லும் என்றது. சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கத்தில் சேர்ந்தவர், அச்சட்டத்திற்கும் துணைவிதிக்கும் கட்டுப்பட்டவரே என்பது இவ்வழக்கின் வழி நிலைபெற்ற கருத்து.

1997இல் உத்தரப்பிரதேசத்துச் சியோக்கி ஊழியர் கூட்டுறவுச் சங்க வழக்கு. நிர்வாகக் குழுவில் நலிந்த பிரிவினர்க்கும் பெண்களுக்கும் இடமளிக்கும் விதிகளும் இதில் கேள்விக்குள்ளாயின. உச்சநீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. நலிந்தோர் நிர்வாகத்தில் பங்கேற்பது பொருளாதார நீதியின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கருதியது. அரசின் கை நமக்கு அரணாக நின்ற வழக்கு இது.

2005இல் அகமதாபாத் நகரத்துப் பார்சியர் வீட்டுவசதிச் சங்க வழக்கு. பார்சியர் மட்டுமே உறுப்பினராகலாம் என்னும் துணைவிதி செல்லுமா என்பது கேள்வி. உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. சட்டம் தடுக்காதவரையில் தம்மவர் மட்டுமே கூடிச் சங்கம் நடத்தலாம் என்பது அதன் சாரம். 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பழைய சொல்லை இங்கு நினைவுகூர்க. நாம் நமக்கெனச் சங்கம் அமைக்க இத்தீர்ப்பு துணையாகலாம். நம்மை வேண்டாமென்பார் கதவடைக்கவும் இதுவே துணையாகலாம். ஆதலின் யாவர்க்கும் உறுப்பினராகும் உரிமையை மாநிலச் சட்டம் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதில் நம் கண் எப்போதும் இருத்தல் வேண்டும்.

2011இல் ஆந்திரப் பால்வள வழக்கு. அரசின் பங்கு முதலும் தலையீடும் இல்லாமல் இயங்க வழிசெய்யும் பரஸ்பர உதவிச் சங்கச் சட்டத்தை அம்மாநிலம் 1995இல் இயற்றியிருந்தது. பால் சங்கங்கள் அதன்கீழ் மாறின. 2006இல் அவற்றைப் பழைய சட்டத்திற்கே திருப்பும் திருத்தம் வந்தது. தன்னுரிமையை நம்பிக் கூடியவர்களை, அவர்கள் விரும்பாத கட்டுப்பாட்டிற்குள் பின்தேதியிட்டுத் தள்ளுதல் முறையன்று என்று நீதிமன்றம் அத்திருத்தம் செல்லாது என்றது.

ஆளுக்கொரு தீர்ப்பு போலத் தோன்றினும் இவற்றினூடே ஒரு நூல் ஓடுகிறது. உறுப்பினரின் வாக்கு வானிலிருந்து வந்த பிறப்புரிமையாகக் கருதப்படவில்லை. சட்டமும் துணைவிதியும் எவ்வளவு தருகின்றனவோ அவ்வளவே அவர் கையிலிருக்கும்.

97ஆவது திருத்தமும் நழுவிய இருக்கையும்

இக்குறை நீங்கவே அரசியலமைப்பின் 97ஆவது திருத்தம் வந்தது. 2011 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2012 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது 19ஆவது உறுப்பில் அடிப்படை உரிமையாகச் சேர்க்கப்பட்டது. 43ஆ என்னும் புதிய உறுப்பு வழிகாட்டும் நெறியாயிற்று. ஒன்பது-ஆ என்னும் புதிய பகுதி நிர்வாகக் குழுவின் காலம் ஐந்து ஆண்டு என்றது. இயக்குநர் 21 பேருக்கு மேற்படலாகாது என்றது. குழுவைப் பொதுவாக ஆறு திங்களுக்குமேல் கலைத்து வைக்கலாகாது என்றது. காலம் முடியுமுன்னரே தேர்தல் நடத்த வேண்டும் என்றது. நம் கண்ணுக்கு முதன்மையானது வேறொன்று. தனிநபர் உறுப்பினரைக் கொண்ட ஒவ்வொரு சங்கத்தின் குழுவிலும், அவ்வகுப்பினர் உறுப்பினராக இருப்பின், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர்க்கு ஓர் இடமும் பெண்களுக்கு இரண்டு இடமும் ஒதுக்கப்படல் வேண்டும் என்று அப்பகுதி கூறியது.

மாநிலப் பட்டியலிலுள்ள பொருளில் கைவைக்கும் இத்தகைய திருத்தத்திற்கு, 368ஆவது உறுப்பின்படி பாதி மாநிலச் சட்டமன்றங்களேனும் இசைவு தர வேண்டும். அந்த இசைவு பெறப்படவில்லை. 2013இல் குஜராத் உயர்நீதிமன்றம் இக்காரணம் பற்றி ஒன்பது-ஆ பகுதியை நீக்கியது. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் 2021 ஜூலை 20ஆம் நாள் இருவர்க்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டும் அப்பகுதி பொருந்தும். ஒரு மாநிலத்துக்குள் இயங்குபவற்றுக்குப் பொருந்தாது என்பது முடிவு.

கூட்டாட்சி நெறிப்படி இத்தீர்ப்பு சரியானதே. ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நம் ஊர்ச் சங்கத்தின் குழுவில் நமக்கு ஓர் இருக்கை என்று அரசியலமைப்பு சொன்ன சொல், அந்த நாளோடு ஊர்ச் சங்கத்திற்குப் பொருந்தாமற் போயிற்று. அதன்பின் அந்த இருக்கை மாநிலச் சட்டத்தின் சொல்லையே நம்பி நிற்கிறது. சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் வந்தால் அது கூடலாம், குறையலாம். நம் சேரிகளில் இதுபற்றி ஒரு கூட்டம் நடந்ததாகவோ, ஒரு துண்டறிக்கை வந்ததாகவோ யாம் அறியோம். இருக்கை நழுவியதைக் காட்டிலும், நழுவியது தெரியாமலே நாம் இருந்தது பெரிய இழப்பாகும்.

இளைஞர்கள் செய்யத் தக்கவை

அரசின் கை முற்றும் விலகினால், ஊரில் வலுத்தவர் கை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். அரசின் கை முற்றும் இறுகினால், உறுப்பினரின் வாக்கு மூச்சடங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நம்மைக் காப்பது பதிவேட்டை அறிந்த உறுப்பினரே. ஆகவே சில கடமைகளைக் கூறுகிறோம்.

உங்கள் பெற்றோர் வைத்திருக்கும் சங்க ரசீதுகளை எடுத்துப் படியுங்கள். முழு உறுப்பினரா, இணை உறுப்பினரா என்று பாருங்கள். தகுதி இருந்தும் இணை உறுப்பினராக இருப்பின், பங்குத் தொகை செலுத்தி முழு உறுப்பினராக எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் பெற்றதற்குச் சான்று கேளுங்கள். கடன் தவணையைத் தவறவிடாதீர்கள். பாக்கிதாரர் என்னும் ஒரு சொல் பல இடங்களில் உரிமையைப் பறித்திருக்கிறது. துணைவிதியின் படியைப் பெற்று வையுங்கள். வாக்காளர் பட்டியல் வெளியாகும் நாளில் சென்று பெயரைச் சரிபாருங்கள். தேர்தலன்று சென்று கொதிப்பதால் பயனில்லை என்பதை யாம் பட்டறிந்தோம். தேர்தல் தகராறாயின் 90ஆம் பிரிவின் வழி உண்டு, காலவரையறையையும் கேட்டறியுங்கள். சங்கம் தகவல் தர மறுப்பின், சட்டப்படி பதிவாளர் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலைப் பதிவாளர் அலுவலகத்திலேயே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம் என்பதற்கு, 2013ஆம் ஆண்டுத் தலப்பலம் வங்கி வழக்கின் தீர்ப்பு துணை நிற்கிறது.

நம் கல்விச் சங்கம் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் வருவதன்று. ஆயினும் இதற்கும் பேரவை உண்டு, உறுப்பினர் பதிவேடு உண்டு, தேர்தல் உண்டு. சந்தா செலுத்தாமலும் ஆண்டுக் கூட்டத்திற்கு வாராமலும் இருந்துவிட்டு, சங்கம் சிலர் கையில் இருக்கிறது என்று திண்ணையில் பேசுவது நமக்கு அழகன்று.

தந்தையார் மறைந்தபின் அவருடைய பங்கை வாரிசு என்ற முறையில் யாம் பெற்றோம். 2013ஆம் ஆண்டுத் தேர்தலில் வரிசையில் நின்று வாக்களித்தோம். சட்டைப் பையில் அந்தப் பழைய ரசீது இருந்தது. அதனை யாரும் கேட்கவில்லை, யாமும் காட்டவில்லை. ஆனால் வாக்குச் சீட்டை மடித்துப் பெட்டியில் இட்டபோது, வெளுத்த வேட்டியோடு திரும்பி வந்த அந்த முதியவர் எம் அருகே நிற்பதாகவே உணர்ந்தோம். நம் பிள்ளைகளுள் எவரும் அவ்வாறு திரும்பி வரலாகாது. அதற்கான முதற்பணி, வீட்டுப் பெட்டியிலுள்ள ரசீதை இன்றிரவே எடுத்துப் படிப்பதாகும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் மக்கள்!